விருப்பக் கோடுகள்: நெடுஞ்சாலை நெரிசலைக் கணித்த வரலாறு

1944ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் இன்னும் ஓயாத வேளையில், அமெரிக்க நாட்டின் ஏழு நகரங்களில் கணக்கெடுப்போர் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். லிங்கன், டல்சா, லிட்டில் ராக், கான்சஸ் சிட்டி, மெம்பிஸ், நியூ ஆர்லியன்ஸ், சவானா என்பன அந்நகரங்கள். பெட்ரோல் பங்கீட்டு முறையில் கிடைத்த காலம் அது. வந்தவர்கள் கேட்ட கேள்விகளோ மிக எளியவை. நேற்று இவ்வீட்டிலிருந்து யார் யார் வெளியே சென்றனர்? எங்குச் சென்றனர்? எதன்பொருட்டு, எந்நேரத்தில், எவ்வூர்தியில் சென்றனர்? எல்லா வீடுகளிலும் இவ்வாறு கேட்கவில்லை. ஊரின் பல பகுதிகளினின்றும் சில வீடுகளை மட்டும் தெரிந்தெடுத்துக் கேட்டு, கிடைத்த விடையை ஊர் முழுமைக்கும் பெருக்கிக் கொண்டனர்.

பின்னர், ஒவ்வொரு பயணமும் தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் நகரப் படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்தனர். உண்மையான தெரு எவ்வாறு வளைந்து செல்கிறது என்பதை அக்கோடு பொருட்படுத்துவதில்லை. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘விருப்பக் கோடு’ என்பது. இத்தகைய கோடுகள் எங்கே மிகுந்து நெருங்குகின்றனவோ அங்கே அகன்ற சாலை வேண்டும் என்று முடிவு கட்டினர்.

இப்பெயரினுள் ஒரு கொள்கையே அடங்கியுள்ளது. மக்கள் எங்குச் செல்ல விரும்புகின்றனர் என்பது முன்னரே உறுதியாகிவிட்ட செய்தி; அவ்விருப்பத்திற்கு வழி விடுவதே சாலை அமைப்போர் கடமை என்பது அக்கொள்கை. அது கணக்காக உருப்பெற்ற வகையையும், அக்கணக்கை நம்பி நாடுகள் செய்த காரியங்களையும், இறுதியில் அவ்விருப்பமே ஐயத்திற்குரியதாகிய வரலாற்றையும் ஈண்டுக் காண்போம்.

அதற்கு முன்பெல்லாம் சாலைப் பொறியாளர் கையாண்ட முறை கூட்டல் கணக்கை ஒத்தது. சாலையோரத்தில் ஆளை நிறுத்தி வண்டிகளை எண்ணுவர். சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு எத்துணை கூடியது என்று பார்ப்பர். அதே வீதத்தில் இருபது ஆண்டுகளுக்கு நீட்டிவிடுவர். வண்டிகள் ஏன் கூடின என்ற வினாவிற்கு அம்முறையில் விடை இல்லை. 1954ஆம் ஆண்டில் ராபர்ட் மிட்செல், செஸ்டர் ராப்கின் என்னும் இருவர் எழுதிய நூல் இவ்வினாவை நேர் நின்று எதிர்கொண்டது. நகரப் போக்குவரத்து என்பது நிலப் பயன்பாட்டின் விளைவு என்று அவர்கள் நிறுவினர். ஆலையும் அங்காடியும் குடியிருப்பும் எங்கெங்கு உள்ளன என்று தெரிந்தால், அவற்றிடையே எழும் பயணங்களும் தெரியும் என்பது அதன் கருத்து. ஆதலின், எதிர்கால நிலப் பயன்பாட்டை முன்கூட்டி மதிப்பிட்டால் எதிர்கால நெரிசலையும் மதிப்பிடலாம் அன்றோ?

இக்கருத்திற்குச் செயலுருவம் கொடுத்தவருள் தலையாயவர் டக்ளஸ் கேரல் என்பவர். 1953ஆம் ஆண்டில் தொடங்கிய டெட்ராய்ட் வட்டாரப் போக்குவரத்து ஆய்விற்குத் தலைமை தாங்கிய அவர், 1955இல் சிகாகோவிற்கு அழைக்கப்பட்டார். சிகாகோ ஆய்வு மூன்று தொகுதிகளாக 1959, 1960, 1962 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. அவர்கள் நோக்கிய எல்லை 1980ஆம் ஆண்டு. 1956இல் எடுத்த வீட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு, கால் நூற்றாண்டுக்குப் பின் எந்தச் சாலையில் எத்தனை வண்டிகள் ஓடும் என்று எண்ணிக்கையில் சொல்ல முற்பட்டது பெருந்துணிவு என்றே சொல்ல வேண்டும். விருப்பக் கோடுகளைக் கையால் வரைந்து மாளாது என்று கண்டு, ‘கார்ட்டோகிராஃபட்ரான்’ என்னும் மின்னணுக் கருவியை அமைத்தனர். பயணம் ஒவ்வொன்றையும் அது திரையில் ஓர் ஒளிக்கோடாகக் காட்டும். அவ்வொளி நிழற்படத்தில் பதியும். கரிய தாளில் வெண்கோடுகள் நகர நடுவை நோக்கிக் குவியும் அப்படங்கள் அக்காலத்தோரைப் பெரிதும் கவர்ந்தன.

சிகாகோவிலும் பிற நகரங்களிலும் படிப்படியாக உருவான முறையை இன்று நான்கு படிக் கணக்கு என்பர். முதலில் வட்டாரத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரிப்பர். ஒவ்வொரு கூற்றிலும் உள்ள வீடு, கார், வேலை ஆகியவற்றின் தொகையைக் கொண்டு அங்கிருந்து எத்தனை பயணங்கள் எழும் என்று காண்பது முதற்படி. அப்பயணங்கள் எந்தெந்தக் கூற்றுக்குச் செல்லும் என்று பகிர்வது இரண்டாம் படி. பேருந்திலா, இரயிலிலா, சொந்தக் காரிலா என்று பிரிப்பது மூன்றாம் படி. எவ்வழியாகச் செல்வர் என்று கண்டு அவ்வழியின்மீது வண்டிகளை ஏற்றிப் பார்ப்பது நான்காம் படி.

தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு முதற்படி புதுமையானதன்று. லயத்து வீடுகளில் பள்ளி வயதை எட்டவிருக்கும் பிள்ளைகளை எண்ணினால் வரும் ஆண்டில் முதல் வகுப்பிற்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்பது தெரிந்துவிடும். தோட்டம் கைமாறி, இரப்பர் மரங்கள் விழுந்து, அவ்விடத்தில் வீடமைப்புத் திட்டம் எழுமாயின் அந்த எண்ணிக்கை செல்லாக் காசாகும். கூட்டலில் பிழை இராது. கூட்டப்பட்ட வீடுகளே அங்கு இரா. இவ்வுவமையைப் பின்னர் நினைவிற் கொள்க.

இரண்டாம் படிக்குத் துணை நின்றது நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கை. இரண்டு பொருள்களின் பொருண்மை மிகுந்தால் ஈர்ப்பு மிகும். தொலைவு மிகுந்தால் ஈர்ப்புக் குறையும். ஊர்களுக்கும் இது பொருந்தும் என்று 1931இல் வில்லியம் ரைலி என்பவர் கடைத்தெரு வாணிகத்தை ஆராய்ந்து கூறியிருந்தார். 1955இல் ஆலன் வூர்ஹீஸ் அதனை நகரப் பயணங்களுக்கு ஏற்றார். வேலைக்கு மக்கள் நெடுந்தொலைவு செல்வர். உப்பும் புளியும் வாங்க அவ்வளவு தொலைவு செல்லார். ஆதலால் தொலைவு குறைக்கும் அளவு பயணத்தின் நோக்கத்திற்கு ஏற்ப வேறுபடும் என்பது அவர் கண்ட நுட்பம்.

நான்காம் படியோ மனிதக் கைக்கு எட்டாததாக இருந்தது. ஆயிரக்கணக்கான சந்திப்புகள் உள்ள நகரத்தில் ஓரிடத்திலிருந்து ஒவ்வோரிடத்திற்கும் உரிய குறுகிய வழியைக் காண்பது எங்ஙனம்? எட்வர்ட் மூர் என்னும் கணித அறிஞர் சிக்கல் வழிகளினூடே குறுகிய பாதையைக் காணும் முறையொன்றை 1957இல் எடுத்துரைத்தார். தொலைபேசி ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்தவர் அவர். அம்முறையைச் சிகாகோ ஆய்வினர் உடனே எடுத்துக்கொண்டு அக்காலத்துப் பெரிய கணிப்பொறியில் ஏற்றினர். தொலைபேசி அழைப்புக்கும் மோட்டார் வண்டிக்கும் ஒரே கணிதம் பயன்பட்டது வியப்பே.

நெரிசல் என்பது கணக்கிற்குள் நுழைவது இந்த நான்காம் படியில்தான். அதனைச் சற்று விரித்துரைத்தல் நலம். ஒரு சாலையில் வண்டி கூடக் கூடப் பயண நேரம் எவ்வாறு நீளும் என்பதற்கு அமெரிக்கப் பொதுச் சாலைத் துறை 1964ஆம் ஆண்டுக் கையேட்டில் ஒரு வாய்பாட்டைத் தந்தது. சாலையில் ஓடும் வண்டிகளின் தொகையை அச்சாலையின் கொள்ளளவால் வகுக்க வேண்டும், வந்த ஈவை நான்கு முறை தன்னால் தானே பெருக்கிய அளவிற்கு, அதாவது நான்காம் அடுக்கிற்கு, உயர்த்த வேண்டும், அதனை 0.15ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். வெறுஞ்சாலையில் ஆகும் நேரத்தைப் போல் இத்தனை மடங்கு ஆகும் என்பது விடை. வெறுஞ்சாலையில் 10 நிமிடம் ஆகும் வழி ஒன்றைக் கொள்வோம். கொள்ளளவில் பாதி வண்டிகள் ஓடினால் கூடுவது ஏறத்தாழ 6 நொடி மட்டுமே. ஓட்டுநர் அதனை உணரவும் மாட்டார். கொள்ளளவு நிறைந்தால் 11½ நிமிடம். ஒன்றரை மடங்கானால் 17.6 நிமிடம். இரு மடங்கானால் 34 நிமிடம். வகுப்பில் மாணவர்க்கு இதனை வரைபடமாக வரையச் சொன்னால் நெரிசலின் இயல்பு முழுவதும் அவர்களுக்கு விளங்கிவிடும். கோடு முதலில் தரையோடு படுத்துக் கிடந்து, பிறகு மலை போல் எழும்.

இவ்வாய்பாட்டில் ஒரு குறை உண்டு. கொள்ளளவு என்பது ஒரு மணி நேரத்தில் செல்லக்கூடிய உச்ச அளவு. அங்ஙனமாயின் அதைப்போல் இரு மடங்கு வண்டிகள் அதே மணி நேரத்தில் செல்வது எப்படி? செல்ல இயலாது. எஞ்சியவை பின்னால் வரிசையில் நிற்கும். 1935ஆம் ஆண்டிலேயே புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்பவர், ஒஹாயோ மாநிலச் சாலைகளைப் படக் கருவியால் பதிவு செய்து, வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் குறைவதையும், ஓர் எல்லை தாண்டியபின் வேகத்தோடு கடந்து செல்லும் தொகையும் வீழ்வதையும் எடுத்துக் காட்டியிருந்தார். நெரிந்த சாலை தன் கொள்ளளவைக்கூடத் தராது என்பது அதன் பொருள். ஆயினும் வாய்பாடு கணிப்பொறிக்கு எளிதாக இருந்தமையால் நிலைத்துவிட்டது. இன்றும் பல நாட்டுத் திட்ட அலுவலகங்களில் அதுவோ அதன் வழிவந்ததோ பயன்படுகிறது.

இதனினும் பெரிய குறை படிகளின் வரிசையில் இருந்தது. எத்தனை பயணங்கள் என்பது முதற்படியிலேயே முடிவாகிவிடுகிறது. நெரிசல் தெரிய வருவதோ கடைசிப் படியில். சாலை நெரிந்தால் சிலர் பயணத்தையே கைவிடுவர். சாலை அகன்றால் முன்பு வராத சிலர் வருவர். இச்செய்தி கடைசிப் படியிலிருந்து முதற்படிக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. சிகாகோ ஆய்வினரை இங்கு முற்றிலும் குறை கூறுதல் தகாது. மோர்ட்டன் ஷ்னைடர் வகுத்த முறையில், ஒரு கூற்றின் பயணங்களைச் சாலையில் ஏற்றியவுடன் அச்சாலையின் நேரத்தைத் திருத்தியபின்னரே அடுத்த கூற்றை ஏற்றினர். ஆகவே மக்கள் எங்குச் செல்வர் என்பதும் எவ்வழியிற் செல்வர் என்பதும் நெரிசலுக்கு ஓரளவு இசைந்தன. பயணங்களின் மொத்தத் தொகை மட்டும் அசையவில்லை. நிலப் பயன்பாடும் அவ்வாறே. புதுச் சாலை போட்டால் அதன் ஓரத்தில் புது ஊர் எழும் என்பதைச் சாலை இல்லாத காலத்து நில மதிப்பீடு எங்ஙனம் அறியும்? தோட்டப் பள்ளிக் கணக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

வேறு வழி அறியப்படாமையால் இவ்வாறு நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. 1952இல் ஆங்கிலேயச் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சார்ந்த வார்ட்ராப், ஓட்டுநர் ஒவ்வொருவரும் தமக்கு விரைவான வழியையே நாடுவதால், பயன்படும் வழிகள் அனைத்திலும் பயண நேரம் இறுதியில் சமமாகிவிடும் என்று கூறினார். 1956இல் பெக்மன், மெக்வயர், வின்ஸ்டன் என்னும் மூவர் அதனை முழுக் கணிதமாக்கினர். அவர்கள் அமைத்த கணிதத்தில் பயணத் தொகையும் பயண நேரத்திற்கேற்ப மாறுவதாகவே வைத்தனர். சிகாகோவில் வீட்டுக் கணக்கு எடுத்த அதே ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. கணித அறிஞர் படித்தனர். சாலைத் திட்டம் வகுப்போர் நெடுங்காலம் திரும்பிப் பார்க்கவில்லை.

1962இல், சிகாகோ ஆய்வின் மூன்றாம் தொகுதி வெளிவந்த ஆண்டிலேயே, ஆந்தனி டௌன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். நகர விரைவுச்சாலைகளில் முந்துநேர நெரிசல், சாலையின் கொள்ளளவிற்கு ஏற்ப எழுந்து நிற்கும் என்பது அவர் துணிபு. புதுச் சாலை திறந்தவுடன் பிற தெருக்களில் சென்றோர் இதற்கு மாறுவர். நெரிசலுக்கு அஞ்சி முன்னதாகவோ பின்னதாகவோ புறப்பட்டோர் நடு நேரத்திற்கு வருவர். பேருந்திலும் இரயிலிலும் சென்றோர் காரை எடுப்பர். கணக்கில் காணாத இவர்கள் எல்லாரும் முன்பே அங்கு இருந்தவர்களே.

இஃது அறிஞரிடையே நடந்த வெறும் சொற்போர் அன்று. 1956ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நீள நெடுஞ்சாலைப் பின்னலுக்குச் செலவில் 90 விழுக்காட்டை அமெரிக்க நடுவணரசு ஏற்கச் செய்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டமோ, 50,000க்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகர வட்டாரங்களில் 1965 முதல், தொடர்ந்த கூட்டுத் திட்டமிடல் இன்றேல் நெடுஞ்சாலைப் பணம் இல்லை என்றது. அதனால் நாடெங்கும் வட்டாரத் திட்ட அலுவலகங்கள் எழுந்தன. எல்லாவற்றிலும் நான்கு படிக் கணக்கு நுழைந்தது. கணக்கில் எழுதிய எண் வீட்டை இடிக்கும் ஆணைக்குத் துணை நின்றது. டெட்ராய்ட்டில் கறுப்பின மக்களின் கடைகளும் இசைக்கூடங்களும் நிறைந்திருந்த ஹேஸ்டிங்ஸ் வீதி, கிரைஸ்லர் விரைவுச்சாலைக்கு அடியில் மறைந்தது. அதற்கு மாதிரிக் கணக்கு ஒன்றையே காரணமாகக் காட்டுவது பொருந்தாது. நிறவேற்றுமையும் ‘சேரி ஒழிப்பு’ என்னும் பெயரும் கணக்கிற்கு முன்னரே அவ்விடத்தைத் தெரிந்தெடுத்துவிட்டன. ஆனால், சாலை வேண்டுமா என்று கேட்டவர்க்கு, எண்கள் வேண்டும் என்கின்றன என்ற விடை எளிதாகக் கிடைத்தது. எண்ணை எதிர்த்து வழக்காட ஏழைக் குடியிருப்பினர்க்கு யாது வழி? சிகாகோவில் மக்கள் பல்லாண்டு எதிர்த்து நின்றதன்பின் ‘கிராஸ்டவுன்’ விரைவுச்சாலைத் திட்டம் 1979இல் கைவிடப்பட்டது.

இலண்டன் மாநகரமும் 1962இல் அமெரிக்க வல்லுநர் துணையோடு போக்குவரத்து ஆய்வு தொடங்கியது. நகரைச் சுற்றி வளையம் வளையமாக நெடுஞ்சாலைகள் வேண்டும் என்பது மாநகர மன்றத்தின் திட்டமாயிற்று. 1970இல் ‘வெஸ்ட்வே’ என்னும் மேம்பாலச் சாலை திறக்கப்பட்ட அன்று, வீட்டுச் சாளரத்தை ஒட்டி வண்டிகள் ஓடக் கண்ட மக்கள் கொதித்தெழுந்தனர். 1973ஆம் ஆண்டுத் தேர்தலில் மன்றத்தின் ஆட்சி மாறவே வளையத் திட்டம் வீழ்ந்தது.

எஞ்சியது வெளி வளையம் மட்டும். எம்-25 எனப்படும் அந்நெடுஞ்சாலை 117 மைல் நீளமுடையது. 1986ஆம் ஆண்டு அக்டோபரில் முழுமை பெற்றது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் பல பகுதிகளில் முன்மதிப்பீட்டைக் கடந்து வண்டிகள் ஓடின. இதற்கு அரசினர் கண்ட மருந்து மேலும் பெரிய மதிப்பீடு. 2025ஆம் ஆண்டிற்குள் நாட்டின் சாலைப் போக்குவரத்து 83 முதல் 142 விழுக்காடு வரை பெருகும் என்று 1989இல் அறிவித்து, அதற்கேற்பப் பெருஞ்சாலைத் திட்டமும் வகுத்தனர். அம்மதிப்பீட்டின் கீழெல்லையைக்கூட நாடு எட்டவில்லை. தனிச் சாலைக்குக் குறைத்தும் நாடு முழுமைக்கும் மிகுத்தும் மதிப்பிட்ட இவ்விரு பிழைகளும் அடுத்தடுத்து நேர்ந்தமை கருதத்தக்கது.

1994இல் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று, புதிய சாலைகள் புதிய பயணங்களைத் தோற்றுவிக்கும். அவ்வாறு தோற்றுவித்தல் அரிய நிகழ்ச்சியும் அன்று என்று முடிவு கூறியது. அதுகாறும் அரசுக் கணக்குகளில் பெரும்பாலும் ‘மாறாப் பயண அட்டவணை’யே வழங்கிற்று. அதாவது, சாலை போட்டாலும் போடாவிட்டாலும் அதே பயணங்கள். இதனால் விளையும் பிழை எவ்வளவு என்பதை முன் சொன்ன வாய்பாட்டைக் கொண்டே காணலாம். ஒன்றரை மடங்கு நெரிந்த சாலையில் 17.6 நிமிடம் ஆயிற்று. இரு தடச் சாலையை மூன்று தடமாக்கினால் நெரிசல் கொள்ளளவோடு சமமாகி நேரம் 11½ நிமிடமாகக் குறையும், மிச்சம் 6.1 நிமிடம். ஆனால் அகன்ற சாலையைக் கண்டு வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் நேரம் 13.1 நிமிடம், மிச்சம் 4½ நிமிடமே. எதிர்பார்த்த பயனில் கால் பங்குக்கு மேல் கரைந்து போயிற்று. இந்நிமிடங்களைப் பல்லாயிரம் வண்டிகளாலும் ஓட்டுநரின் நேர மதிப்பாலும் பெருக்கியே சாலைக்கு ஆகும் செலவு தகுமா என்று தீர்மானிக்கின்றனர் என்பதை எண்ணினால், அக்கால் பங்கின் விலை விளங்கும்.

அமெரிக்காவில் இவ்வழக்கு நீதிமன்றத்திற்கே சென்றது. 1989இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் சான்பிரான்சிஸ்கோ வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின்மீது வழக்குத் தொடுத்தன. நெடுஞ்சாலை அகன்றால் நெரிசல் தணியும், புகை குறையும் என்று ஆணையத்தின் மாதிரிக் கணக்கு கூறிற்று; சாலையால் பெருகும் ஊரையும் வண்டியையும் அக்கணக்குப் பார்த்ததா என்று வழக்காடினர். கணிப்பொறி அறையில் வல்லுநர் மட்டும் பேசிய பொருளை வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யும் நிலை வந்தது. அதன்பின் வந்த விதிகளால், கடைசிப் படியின் நேரத்தை மீண்டும் முன்படிகளுக்குக் கொண்டு சென்று கணிக்கும் வழக்கம் பெரிய வட்டாரங்களில் வேரூன்றியது.

நம் அண்மையில் சிங்கப்பூர் வேறொரு வழியை நாடியது. நெரிந்த சாலையைப் பயன்படுத்துவோரிடம் அதற்குரிய விலையை வாங்க வேண்டும் என்று 1964இல் பிரிட்டனில் ஸ்மீட் குழு கூறியிருந்தது. அந்நாடு அதனைப் பேழையில் வைத்துப் பூட்டிற்று. சிங்கப்பூர் 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காலை 7.30 முதல் 9.30 வரை நகர நடுவிற்குள் நுழையும் கார் நாளொன்றுக்கு 3 வெள்ளி உரிமச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். நால்வர் அமர்ந்து வரும் காருக்கு விலக்கு. இங்கும் முன்மதிப்பீடுகள் செய்திருந்தனர். அவற்றின் கதியும் சுவையானது. போக்குவரத்தைக் கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் குறைப்பதே நோக்கம். குறைந்ததோ 40 விழுக்காட்டுக்கு மேல். நகர எல்லையில் காரை நிறுத்திவிட்டுத் தனிப் பேருந்தில் ஏறுவர் என்று கருதி ஆயிரக்கணக்கான கார்களுக்கு இடம் அமைத்தனர். அவ்விடங்கள் பெரும்பாலும் வெறிச்சோடின. 9.30 மணிக்குப் பின் நுழையக் காத்திருந்தோர் பெருகவே, இரண்டே மாதத்தில் கட்டண நேரம் 10.15 வரை நீண்டது. காலையில் உட்செல்லாத கார் மாலையில் வெளியேறாது என்ற தருக்கமும் பொய்த்தது. காலையில் நகரைச் சுற்றிச் சென்றவருள் பலர் மாலையில் கட்டணம் இன்மையால் நடு நகர் வழியே திரும்பினர். மாலை நேரமும் கட்டணத்திற்கு உட்பட்டது 1989இல்தான்.

1998இல் மின்னியல் கட்டண முறை வந்தபின் அந்நாட்டினர் கையாளும் வழி இது: விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், முதன்மைத் தெருக்களில் 20 முதல் 30 கிலோமீட்டர் என்று வேகத்திற்கு எல்லை வகுத்துள்ளனர். ஓடும் வேகத்தை அளந்து பார்க்கின்றனர். வேகம் கீழெல்லைக்குத் தாழ்ந்தால் கட்டணம் ஏறும். மேலெல்லையைக் கடந்தால், சாலை வேண்டிய அளவு பயன்படவில்லை என்று கட்டணம் இறங்கும். காலாண்டுக்கு ஒரு முறை திருத்துவதே வழக்கம். ஆயினும், அடுத்த விரைவுச்சாலையையோ இரயில் பாதையையோ எங்கே அமைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய அலுவலகங்களில் இருபதாண்டுக் கணக்குகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றிற்கான தொடக்கம் இன்றும், நேற்று எங்குச் சென்றீர்கள் என்று வீட்டாரைக் கேட்பதுதான்.